பிறழ்வறிக்கை, தொட்டி மூன்று

துவாஸ் லிங்க்கில் இறங்கும்போதே தொண்டை கரித்தது.
புகைமூட்டத்தின் எட்டாம் நாள்.
குறியீடு நூற்றெண்பத்தாறு என்றது கைப்பேசி.
பேருந்து நிறுத்தத்தில் ஒருவர்
முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி
சிகரெட் பற்றவைத்தார்.
இதில் இது எந்த மூலைக்கு, என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

இரவுப்பணி. மூன்றாம் தொட்டி.
ஐந்நூறு லிட்டர் ஈஸ்ட், முப்பது டிகிரி.
ஜொகூரிலிருந்து வரும் செம்பனை வெறுங்குலைச் சாறு தின்று
சைலிட்டால் கொடுக்கும்.
சூயிங்கத்தில் போடுகிற இனிப்பு.
சூயிங்கம் கடையில் கிடைக்காத ஊரில்
அதற்கு இனிப்புக் காய்ச்சுகிறோம் என்று
வருகிற விருந்தினரிடமெல்லாம் ஹுவீ ஷான் சொல்வாள்.
சிரிப்பார்கள். நானும், ஒவ்வொரு முறையும்.

இந்த ஈஸ்ட்டுக்கு ஒரு குணம்.
காற்றைத் தாராளமாய் விட்டால்
தின்றதையெல்லாம் உடம்பாக்கிக்கொள்ளும்,
பெருகும், நமக்கென்று ஒன்றும் வைக்காது.
அடியோடு நிறுத்தினால் சுருண்டு கிடக்கும்.
நடுவில் ஓரிடம், மயிரிழை அகலம்.
மூச்சு முட்டும், ஆனால் நிற்காது.
அங்கேயே பிடித்து வைத்திருந்தால்
பாதி செரித்ததை வெளியே விட்டுவிடும்.
அந்தப் பாதிதான் எங்கள் சம்பளம்.

அங்கே ஆக்சிஜன் மானி பூஜ்யம் காட்டும்.
காற்றில்லை என்று பொருளில்லை.
கரைகிற நொடியிலேயே குடித்துவிடுகின்றன,
மானி அளப்பது மிச்சத்தை.
நான்கு வருடமாய் எனக்கு இது தெரியும்.
கலக்கி: நிமிடத்துக்கு இருநூற்றிருபது சுற்று, தொடாதே
என்று மஞ்சள் தாளில் எழுதி ஒட்டியதே நான்தான்.

இரண்டு ஐம்பதுக்கு
கவசத்தைக் கழற்றி இன்ஹேலரை அழுத்தினேன்.
நெஞ்சு திறக்கவில்லை.
இன்னொரு முறை.
நிமிர்ந்தால் திரையில் பூஜ்யம்,
மணிக்கணக்காய், நேர்கோடாய்ப் பூஜ்யம்.
யாரோ என் விரலால்
முந்நூற்றெண்பது என்று தட்டினார்கள்.

மோட்டாரின் குரல் மாறியது.
கோடு எழுந்தது: நான்கு, ஒன்பது, பதினேழு.
அழகாகத்தான் இருந்தது.
கண்ணாடித் துளையில் நுரை ஏறுவதைப் பார்த்தபடி நின்றேன்.
எனக்கும் மூச்சு இறங்கியது, சத்தியமாக.
மூன்று மணி நேரம் அப்படியே விட்டேன்.
அதில் தெரிந்தே விட்டது எவ்வளவு என்று
கேட்காதீர்கள்.

ஆறு மணி மாதிரி.
லிட்டருக்கு ஐம்பத்தொரு கிராம் இருந்தது
நாற்பத்தேழு.
சேர்த்துவைத்திருந்த இனிப்பைத் திரும்ப எடுத்துத் தின்றிருக்கின்றன.
அவை செய்தது. அவை தின்றன.

ஹுவீ ஷான் திட்டவில்லை.
வரைபடத்தைப் பெரிதாக்கி
அந்த மேட்டின்மேல் பேனா நுனியை வைத்தாள்.
"கருவிக் கோளாறா?"
ஆமாம் என்பதற்கு இடம் விட்டுத்தான் கேட்டாள்.
இல்லை என்றேன்.

படிவத்தில் ஒரு கட்டம்: மூல காரணம்,
இருநூறு எழுத்துகளுக்குள்.
பணியாளர் தவறு. அழித்தேன்.
புகைமூட்டம். அதையும் அழித்தேன்.
நேற்றுச் செய்தியில் எரிந்த நிலத்தின் ஓரத்தில்
வரிசையாய்ச் செம்பனை நாற்றுகள் நின்றன.
அதை எழுதத் தொடங்கினால்
நம் சாறு எதிலிருந்து வருகிறது என்பதில் போய் நிற்கும்.
கட்டம் அவ்வளவு பெரிதில்லை.
பூஜ்யத்தைத் தவறாகப் படித்தேன்,
என்று முடித்தேன்.
கட்டத்தில் இன்னும் நிறைய இடமிருந்தது.

இருநூற்றிருபதுக்கு இறக்கியதும்
சில நிமிடத்தில் கோடு படுத்துவிட்டது.
தொட்டிக்குள் போகிற காற்று
மூன்று வடிகட்டி தாண்டிப் போகிறது என்பது
ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

கேன்டீனில் கோப்பி ஓ கோசோங்.
வெளியே சூரியன்
பார்த்தால் கண் கூசாத அளவுக்கு மங்கி,
செங்கல் நிறத்தில்.
நேற்றைய கவசத்தையே மாட்டிக்கொண்டு
ஜூ கூன்வரை நின்றபடியே போனேன்.
இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன.